புது மடிக்கணினியின் வேகம் எங்கிருந்து வருகிறது?

சென்ற மாதம் என் மாணவன் ஒருவனின் தந்தை தொலைபேசியில் அழைத்தார். தேக்காவில் மளிகைக் கடை வைத்திருப்பவர். "சார், உங்க புது லேப்டாப் மாதிரியே வேணும்னு பையன் ஒத்தக் கால்ல நிக்கிறான். சிம் லிம் ஸ்குவேர்ல விசாரிச்சேன், மூவாயிரம் வெள்ளிக்கு மேல சொல்றாங்க. நீங்க சொன்னா வாங்கிக் குடுத்துடுறேன். ஆனா, நெசமாவே தேவையா?" என்று கேட்டார்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. தவறு என்னுடையது. 2017இல் வாங்கிய என் பழைய மடிக்கணினி விண்டோஸ் 10 இயங்குதளத்தில் ஓடியது. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், என் கணினியின் பிராசசர் அதற்கு ஏற்றதில்லை என்று திரையில் அறிவிப்பு வந்தது. சேமிப்பை எடுத்து விலையுயர்ந்த மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். வாங்கிய மறுநாளே வகுப்புக்குக் கொண்டுபோய், "பாருங்கள், எவ்வளவு வேகம்! சத்தமே இல்லை! எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கிறது!" என்று பெருமை பேசினேன். அந்தப் பெருமை ஒரு மளிகைக் கடையின் கல்லாவுக்கு வேட்டு வைக்கும் என்று நினைக்கவில்லை.

அவரிடம் ஒரு வாரம் தவணை கேட்டேன். என் மூன்று வியப்புகளுக்கும் காரணம் என்ன, அவற்றில் மூவாயிரம் வெள்ளி பெறுவது எது என்று அந்த ஒரு வாரத்தில் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எண்ணுவதைவிடக் காத்திருப்பதே அதிகம்

கணினியின் மூளை என்று சொல்லப்படும் பிராசசர் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 4 பில்லியன் முறை துடிக்கிறது. ஒரு துடிப்புக்கு ஆகும் நேரம் 0.25 நானோ வினாடி. அந்த நேரத்தில் ஒளியே ஏழரை சென்டிமீட்டர்தான் போக முடியும். இவ்வளவு விரைவாக வேலை செய்யும் பிராசசர், தன் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தகவல் வந்து சேர்வதற்காகக் காத்திருப்பதிலேயே கழிக்கிறது.

இந்தக் காத்திருப்பை நம் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்ப்போம். ஒரு துடிப்பை ஒரு வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிராசசர், ரேஸ் கோர்ஸ் சாலை உணவகம் ஒன்றின் சமையல்காரர். அவருக்கு மிளகு வேண்டும்.

பிராசசருக்கு உள்ளேயே இருக்கும் கேச் நினைவகம், கைக்கெட்டும் அஞ்சறைப்பெட்டி. மிளகை எடுக்க ஐந்து வினாடி. அங்கே இல்லையென்றால் ரேம் நினைவகம். அதிலிருந்து தகவல் வர ஏறத்தாழ 90 நானோ வினாடி ஆகும். நம் கணக்கில் ஆறு நிமிடம். பக்கத்திலுள்ள தேக்கா சந்தைக்கு ஆளனுப்பி வாங்கி வருவதுபோல. ரேமிலும் இல்லையென்றால் சேமிப்பகத்துக்குப் போக வேண்டும். புதிய கணினிகளில் உள்ள எஸ்எஸ்டி சேமிப்பகம் 0.1 மில்லி வினாடியில் பதில் தரும். நம் கணக்கில் அது நாலரை நாள். சென்னையிலிருந்து சரக்கு வருவதற்குக் காத்திருப்பதுபோல.

பழைய கணினியிலுள்ள ஹார்ட் டிஸ்க் பதில் தர 15 மில்லி வினாடி ஆகும். நம் கணக்கில் ஏறத்தாழ 2 ஆண்டு. மிளகு வாங்க அனுப்பிய கடைப்பையன், முழுநேர தேசிய சேவையை முடித்துவிட்டுத் திரும்பி வரும் காலம்! அதுவரை அடுப்பை எரியவிட்டுச் சமையல்காரர் சும்மா நிற்கிறார். அடுப்பு எவ்வளவு பெரியது என்பதால் என்ன பயன்?

சுழலும் தட்டு

ஹார்ட் டிஸ்க் ஏன் இவ்வளவு தாமதிக்கிறது? அது ஓர் இயந்திரம். காந்தப் பூச்சுள்ள தட்டு ஒன்று நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது வினாடிக்கு 90 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடி. வேண்டிய இடம் சுழன்று வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன், படிக்கும் முனையைத் தாங்கிய சிறு கை சரியான தடத்துக்கு நகர வேண்டும். இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 15 மில்லி வினாடி.

கணினியைத் தொடங்கும்போது அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக 5,000 துண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாக எடுத்தால் ஹார்ட் டிஸ்க்குக்கு 75 வினாடி. எஸ்எஸ்டிக்கு அரை வினாடி. எஸ்எஸ்டியில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. சிறு சிறு மின்கூடுகளில் எலக்ட்ரான்களை அடைத்து வைத்துத் தகவலைச் சேமிக்கும் ஃபிளாஷ் சில்லுகள்தான் அதன் உள்ளே இருப்பவை. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோக்கா 1980களில் உருவாக்கிய நுட்பம் இது.

இந்த இரண்டு கருவிகளோடும் நம் ஊருக்கு உறவு உண்டு. சீகேட் நிறுவனம் 1982இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உலகிலேயே மிக அதிகமாக ஹார்ட் டிஸ்க் தயாரிக்கும் இடமாகச் சிங்கப்பூர் ஆனது. இன்று ஃபிளாஷ் சில்லுகளை மைக்ரான் நிறுவனம் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் தயாரிக்கிறது.

என் அம்மாவும் 1990களின் தொடக்கத்தில் அப்படி ஒரு ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தலை முதல் கால் வரை வெள்ளை உடை போட்டுக்கொண்டு தூசியில்லா அறைக்குள் போவார்களாம். பழைய கணினியிலிருந்து கழற்றிய டிஸ்க்கை அவர் கையில் கொடுத்தேன். திருப்பிப் பார்த்துவிட்டு, "இத வெளிக்காத்துல தொறக்கவே கூடாது, தெரியும்ல?" என்றார். உண்மைதான். படிக்கும் முனை தட்டைத் தொடாமல், அதற்கு மேலே மிதக்கிறது. அந்த இடைவெளி தலைமுடியின் தடிமனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. ஒரு தூசி அங்கே பாறை போன்றது.

ஒரு மாறியை மட்டும் மாற்றினேன்

அந்த டிஸ்க்கை நான் கழற்றியது ஒரு சோதனைக்காக. பழைய கணினியையும் புதியதையும் நேருக்கு நேர் ஒப்பிட்டால் எதனால் வேகம் கூடியது என்று தெரியாது. பிராசசர், ரேம், சேமிப்பகம், இயங்குதளம் எல்லாமே வேறு. 'நியாயமான சோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்ற வேண்டும்' என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நான், அதைச் செய்யாமலேயே வகுப்பில் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

ஆகவே, 100 வெள்ளிக்கும் குறைவான விலையில் ஓர் எஸ்எஸ்டி வாங்கினேன். ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததை அப்படியே அதில் படியெடுத்து, அதே பழைய கணினியில் பொருத்தினேன். பொத்தானை அழுத்தியதிலிருந்து வேலை செய்யத் தயாராகும் வரை கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்தேன். மும்முறை பார்த்துச் சராசரி எடுத்தேன்.

ஹார்ட் டிஸ்க்குடன் பழைய கணினி: 110 வினாடி. எஸ்எஸ்டியுடன் அதே கணினி: 31 வினாடி. விலையுயர்ந்த புதிய கணினி: 12 வினாடி.

மொத்தம் குறைந்தது 98 வினாடி. அதில் 79 வினாடி, 100 வெள்ளிக்குள் வாங்கிய ஒரு பாகத்தால் குறைந்தது. அதாவது, நான் வகுப்பில் வியந்து பேசிய வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கு, புதிய கணினி வாங்காமலேயே எனக்குக் கிடைத்திருக்கும். பல ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருக்கும்.

இன்னொரு வகையிலும் கணக்கிடலாம். பழைய கணினியில் டிஸ்க்கை மாற்றாமல் பிராசசரை மட்டும் இருமடங்கு வேகமாக்கியிருந்தால்? டிஸ்க் சாராத 31 வினாடி 15 ஆகக் குறைந்திருக்கும். மொத்தம் ஏறத்தாழ 95 வினாடி. வித்தியாசமே தெரிந்திருக்காது. ஒரு வேலையின் ஒரு பகுதியை எவ்வளவு வேகப்படுத்தினாலும், மொத்தத்தில் அந்தப் பகுதிக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவுதான் பலன் கிடைக்கும். கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த கருத்து இது. பல பிராசசர்களைச் சேர்த்து இயக்குவது பற்றி அவர் சொன்னார். ஆனால் எந்த வரிசையில் நின்று காத்திருப்பவருக்கும் அது பொருந்தும்.

சத்தம் எங்கே போனது?

இரண்டாவது வியப்பு, காற்றாடிச் சத்தம் கேட்காதது. இதில் புதிய கணினிக்கு உண்மையாகவே பெருமை உண்டு.

பிராசசர் செலவழிக்கும் மின்சாரம் இரண்டைப் பொறுத்தது: துடிப்பு வேகம், மின்னழுத்தத்தின் வர்க்கம். துடிப்பைக் குறைத்தால் குறைந்த மின்னழுத்தத்திலேயே ஓட்டலாம். துடிப்பை 40 விழுக்காடும் மின்னழுத்தத்தை 30 விழுக்காடும் குறைப்பதாக வைத்துக்கொள்வோம். 0.6 × 0.7 × 0.7 என்று பெருக்கினால் 0.29 வரும். 60 விழுக்காடு வேகம் கிடைக்கிறது. மின்சாரமோ 30 விழுக்காடுகூட ஆவதில்லை.

இதனால்தான் இன்றைய பிராசசர்களில் இரண்டு வகை அகங்கள் இருக்கின்றன. கடினமான வேலைக்குப் பெரிய அகங்கள், மின்னஞ்சல் படிப்பது போன்ற எளிய வேலைக்குச் சிக்கனமான சிறிய அகங்கள். கைப்பேசிக்காக ஆர்ம் நிறுவனம் 2011இல் அறிவித்த யோசனை இது. ஆப்பிள் நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட எம்1 சில்லு அதை அந்நிறுவனத்தின் மடிக்கணினிகளுக்குக் கொண்டு வந்தது. நான்கு பெரிய அகங்கள், நான்கு சிறிய அகங்கள், 16 பில்லியன் டிரான்சிஸ்டர்கள் கொண்ட அந்தச் சில்லுடன் வந்த மேக்புக் ஏரில் காற்றாடியே இல்லை. அடுத்த ஆண்டே இன்டெல் நிறுவனமும் இரண்டு வகை அகங்கள் கொண்ட 12ஆம் தலைமுறைப் பிராசசர்களை அறிவித்தது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. வெப்பம் வெளியேறும் வேகம், சில்லுக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. சில்லு 100 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். 21 டிகிரி குளிரூட்டப்பட்ட அறையில் வேறுபாடு 79 டிகிரி. 31 டிகிரி வெப்பத்தில், மின்விசிறி மட்டும் ஓடும் நம் வீவக வீட்டுக் கூடத்தில் அது 69 டிகிரி. வெளியேற்றக்கூடிய வெப்பம் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. நீண்ட நேரம் கடுமையாக வேலை வாங்கினால் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குளிர்ந்த கடையில் பார்த்த வேகம், வீட்டில் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மெத்தைமேல் வைத்து வேலை செய்யவும் வேண்டாம்.

மெய்யெழுத்தின் புள்ளி

மூன்றாவது வியப்பு, திரை. என் பழைய கணினியின் 15.6 அங்குலத் திரையில் 1366 × 768 படப்புள்ளிகள். ஓர் அங்குலத்துக்கு 100 புள்ளிகள். புதிய 14 அங்குலத் திரையில் 2880 × 1800. அங்குலத்துக்கு 243 புள்ளிகள். ஒரே அளவுள்ள எழுத்தை வரையப் பழைய திரையில் கிடைத்ததைப்போல ஏறத்தாழ ஆறு மடங்கு புள்ளிகள் கிடைக்கின்றன.

ஆங்கில எழுத்துக்கு இது அழகு. தமிழுக்கு இது தேவை. 'ன'வுக்கும் 'ன்'னுக்கும் உள்ள வேறுபாடு மேலேயுள்ள ஒரு புள்ளிதான். சிறிய எழுத்தில், பழைய திரையில், அதற்கு ஒன்றிரண்டு படப்புள்ளிகளே கிடைக்கும். 'ணி'யின் சுழிகளும் கொக்கியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தமிழில் நிறையப் படிப்பவர்கள் பணத்தைத் திரைக்குச் செலவழிப்பதில் நியாயம் உண்டு. ஆனால் கூர்மையான திரை விலையுயர்ந்த கணினியில் மட்டுமல்ல, நடுத்தர விலையிலும் கிடைக்கிறது.

உணர முடியாத வேகம்

கணினிப் பயன்பாட்டை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 1993இல் மூன்று எல்லைகளைக் குறிப்பிட்டார். 0.1 வினாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். ஒரு வினாடிக்குள் வந்தால் சிந்தனை அறுபடாது. 10 வினாடியைத் தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும். மனித மனத்தின் எல்லைகள் இவை. கணினி மாறினாலும் இவை மாறுவதில்லை.

ஆகவே 10 வினாடி ஒரு வினாடியாகக் குறைந்தால் மகிழ்ச்சி. 0.1 வினாடி 0.05 ஆகக் குறைந்தால் நமக்குத் தெரியாது. ஆனால் அதற்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறோம். கட்டுரை எழுதுவது, இணையத்தில் தேடுவது, காணொளி பார்ப்பது ஆகியவற்றில் நடுத்தரக் கணினியே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. நான் அறிவியல் சோதனைகளைப் படம்பிடித்துத் தொகுப்பதுண்டு. ஒரு காணொளியைத் தயாராக்கப் பழைய கணினிக்கு 40 நிமிடம், புதியதற்கு 6 நிமிடம். இங்கே பிராசசர்தான் வேலை செய்கிறது. இங்கே என் பணம் வீணாகவில்லை.

'ஏஐ பிசி' என்ற ஒட்டுவில்லையையும் இப்போது கடைகளில் பார்க்கலாம். அதில் என்பியு என்ற தனிப்பகுதி இருக்கும். மைக்ரோசாஃப்ட் 2024இல் அறிவித்த 'கோபைலட் பிளஸ்' கணினிகளில் அது வினாடிக்கு 40 டிரில்லியன் கணக்குகளாவது செய்ய வேண்டும். காணொளிச் சந்திப்பில் பின்னணியை மங்கலாக்குவது, பேச்சை எழுத்தாக்குவது போன்றவற்றுக்கு உதவும். ஆனால் சாட்ஜிபிடியிடம் கேள்வி கேட்டால் பதில் எங்கோ உள்ள தரவு நிலையத்தில் தயாராகிறது. அதற்கு உங்கள் கணினியின் என்பியு தேவையில்லை.

வாங்கும் முன் ஒரு நிமிடம்

விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். மேக் கணினியில் 'ஆக்டிவிட்டி மானிட்டர்'. கணினி தடுமாறும் நேரத்தில் அதைப் பாருங்கள்.

டிஸ்க் 100 விழுக்காட்டில் நின்றால் சேமிப்பகம்தான் காரணம். மெமரி நிரம்பியிருந்தால் ரேம் போதவில்லை. அப்போது கணினி, ரேமில் இடமில்லாததைச் சேமிப்பகத்தில் போட்டு எடுக்கிறது. ஆறு நிமிட வேலை பல நாள் வேலையாகிறது. ரேமைக் கூட்ட முடியுமா என்று கேளுங்கள். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது. பிராசசர் எந்நேரமும் 100 விழுக்காட்டில் நின்றால் மட்டுமே வேகமான பிராசசருக்குச் செலவழிப்பதில் பொருள் உண்டு.

பழைய கணினியைக் குப்பையில் போடாதீர்கள். சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்வதாகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் கூறுகிறது. 2021 ஜூலை 1 முதல் அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பைச் சட்டம் உற்பத்தியாளர்கள்மீது வைத்துள்ளது. மறுசுழற்சியைவிடச் சிறந்தது மறுபயன்பாடு. என் பழைய கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். செய்தி படிக்கவும் சென்னையிலுள்ள சித்தியோடு காணொளியில் பேசவும் அவருக்கு அது தாராளம்.

மளிகைக் கடைக்காரர் வீட்டில்

ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்கே போனேன். நான்கு ஆண்டுக்கு முன் வாங்கிய கணினி. எஸ்எஸ்டி இருந்தது. பையன் டாஸ்க் மேனேஜரைத் திறந்தான். பிராசசர் 12 விழுக்காடு, மெமரி பாதி, டிஸ்க் 3 விழுக்காடு. எதுவுமே வேலை செய்யவில்லை. ஆனாலும் காணொளி நின்று நின்று ஓடியது.

"அப்படியென்றால் எது காத்திருக்க வைக்கிறது?" என்று கேட்டேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "இன்டர்நெட்டா சார்?" என்றான்.

வைஃபை கருவி எங்கே என்று தேடினோம். 'பாம் ஷெல்ட்டர்' என்று நாம் சொல்லும் காப்பறைக்குள், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தது. சுற்றிலும் இரும்புக் கம்பி வைத்துக் கட்டிய தடித்த கான்கிரீட் சுவர். எஃகுக் கதவு வேறு, சாத்தியிருந்தது. குண்டுவெடிப்பைத் தாங்கக் கட்டிய அறை, வானொலி அலைகளையும் பெருமளவு தடுத்துவிடும். நீளமான கம்பி ஒன்றை வாங்கிவந்து, கருவியைக் கூடத்துக்கு மாற்றினோம். காணொளி தடையில்லாமல் ஓடியது.

கம்பிக்கு ஆன செலவு 8 வெள்ளி. பையனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். "வீடியோ எடிட்டிங் செஞ்சா புதுசு வேணும்ல சார்?" என்றான். வேண்டியிருக்கலாம். அந்த வேலையைத் தொடங்கி, பிராசசர் 100 விழுக்காட்டில் நிற்பதைக் காட்டினால் உன் அப்பாவிடம் நானே பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.